நீல வாளிக்கு அங்கே என்ன வேலை?

மதுரை

அன்பு மகளுக்கு,

நலம். நீ வரைந்து அனுப்பிய தாமரை வந்து சேர்ந்தது. உன் அம்மா பார்த்துவிட்டு, "அப்படியே போட்டோ மாதிரி இருக்கிறது" என்று பூரித்துப்போனாள். எனக்கு அதுதான் குறையாகப் பட்டது.

பொங்கலுக்கு வந்தபோது மேலூர்ப் பக்கத்துக் கண்மாயில் போனில் எடுத்தாயே, அந்தப் படம்தானே? கரையில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய நீல வாளியைக்கூட விடாமல் வரைந்திருக்கிறாய். வாளி இருக்கும்வரை கண் அங்கேதான் போகும். அந்த இடத்தில் கரும்பச்சைத் தண்ணீரை வைத்திருந்தால் பூ முன்னால் வந்து நின்றிருக்கும். "போட்டோவில் இருப்பதை மாற்றினால் பொய்யாகாதா அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். போட்டோ மட்டும் என்ன, சத்தியம் செய்தா கொடுத்தது?

வெயில் விழுந்த இதழ்களைப் பார். கேமரா அங்கே ரோஜா நிறத்தைத் தொலைத்துவிட்டு வெறும் வெள்ளையாக்கியிருக்கிறது. நிழலைக் கரியாக்கிவிட்டது. பூவுக்குக் கிட்டே போனை நீட்டியதால் முன்னால் இருக்கும் இதழ் அளவுக்கு மீறிப் பெருத்திருக்கிறது. நீ நேரில் பார்த்தது அப்படியா இருந்தது? நிழலுக்குள் ஊதா இருந்திருக்கும். வெயில் இதழின் முதுகில் பட்டு உள்பக்கம் ஊடுருவும் இடம் செம்மஞ்சளாகக் கனன்றிருக்கும். அதை வரை, தாயி. உன் கண் பார்த்ததற்கு இருக்கும் உரிமை போனுக்குக் கிடையாது.

அதற்காகத் தாமரையையே மாற்றிவிடாதே. எல்லா இதழும் பூவின் நடுவில் இருக்கும் பொகுட்டின் அடியிலிருந்துதான் புறப்படும். உன் படத்தில் இரண்டு இதழ்கள் அந்தரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தாமரை இலை முழு வட்டம், காம்பு நடுவில் சேரும். நீ போட்டிருக்கும் வெட்டு அல்லி இலைக்கு உரியது. பூவின் உடற்கட்டு தெரிந்தவருக்குத்தான் மற்றதில் கைவைக்கத் துணிவு வரும்.

வான்கோவின் சூரியகாந்திகள் உனக்குத் தெரிந்தவைதானே. 1888 ஆகஸ்டில் பூக்களைப் பார்த்து வரைந்தார். 1889 ஜனவரியில் பூவே இல்லாத குளிரில், தன் பழைய படத்தையே முன்னால் வைத்துக்கொண்டு மறுபடி வரைந்தார். முந்தையது லண்டனில் இருக்கிறது, பிந்தையது ஆம்ஸ்டர்டாமில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். வண்ணத்திலும் தூரிகை வீச்சிலும் வேறுபாடு தெரியும். தான் வரைந்ததற்கே அவர் அடிமையாக இருக்கவில்லை.

அடுத்த முறை போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்துக்கொள். எது வெளிச்சம், எது இருட்டு என்பது பிடிபடும். உள்ளங்கை அளவில் பென்சிலால் இரண்டு மூன்று அமைப்புகள் போட்டுப் பார். பூவை நட்டநடுவில் வைக்காமல் சற்று ஒதுக்கு. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடு. வாட்டர் கலரில் பிறகு வெள்ளை பூசினால் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கும். எல்லா இதழுக்கும் கூர்மையான ஓரம் வேண்டாம், பின்பக்க இதழ்கள் இரண்டு தண்ணீரோடு கரைந்து போகட்டும். பாதிப் படம் ஆனதும் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிடு. இதுதான் உனக்குக் கடினமாக இருக்கும் என்று தெரியும். சிறுவயதிலேயே நீ விடைத்தாளை மூன்று முறை சரிபார்க்கிற பிள்ளை.

உன் தாள் மெலிதாக இருக்கிறது, ஈரம் பட்டதும் நெளிந்திருக்கிறது. 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தித் தாள் வாங்கி வைத்திருக்கிறேன். அம்மாவின் பருப்புப்பொடியோடு இந்த வாரப் பார்சலில் வரும். பொடியைத் தாளின்மேல் வைத்துக் கட்ட வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா