தோல் கழலை நோயைத் தாங்கிய பசுக்களின் தகப்பன் காளை எண்ணைப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
பால் உற்பத்தியாளர்கள்,
பெருந்துறை வட்டம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் துறை,
சென்னை.

பொருள்: நோய் விவரத்தையும் சினை ஊசி விவரத்தையும் ஒரே காது வில்லை எண்ணில் இணைத்துப் பதிய வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2022-இல், மாட்டின் உடம்பெல்லாம் கட்டி எழும்பும் வைரஸ் நோயான தோல் கழலை எங்கள் ஊருக்குள் வந்தபோது, எங்களில் ஒருவரான என் கொட்டகையில் மூன்று உருப்படிகள் நின்றன. செவலையும் கறுப்பியும் ஜெர்சி கலப்பு. மூன்றாவது காங்கேயம் மயிலைப் பசு. மூன்றுக்கும் அப்போது தடுப்பூசி போட்டிருக்கவில்லை. ஒரே சோளத்தட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே ஈக்கடி. செவலைக்குக் கழுத்திலிருந்து மடிவரை நெல்லிக்காய் அளவில் கட்டிகள் எழும்பின. முன்னங்கால் வீங்கி, அலைதாடியில் நீர் கோத்து, எட்டு லிட்டர் கறந்த மாடு ஒரு லிட்டருக்கு இறங்கிவிட்டது. டாக்டர் தினமும் வந்து ஊசி போட்டார். வெற்றிலை, மிளகு, கல்லுப்பை வெல்லத்தோடு அரைத்து நாக்கில் தடவிப் பார்த்தோம். பதினோராம் நாள் விடியற்காலையில் செத்துப்போனது. அடுத்த கட்டுத்தறியில் நின்ற கறுப்பிக்கு இரண்டு நாள் காய்ச்சல், தொடையில் ஐந்தாறு கட்டி, அவ்வளவுதான். மயிலைக்கு அதுகூட இல்லை.

மயிலை தப்பியதில் ஆச்சரியமில்லை. நாட்டு மாடுகளைவிட ஐரோப்பிய இனங்களை இந்த வைரஸ் கடுமையாகத் தாக்கும். அதிலும் மெல்லிய தோல் கொண்ட ஜெர்சிக்குப் பாதிப்பு அதிகம். எனக்கு விளங்காதது கறுப்பிதான். செவலையும் அதுவும் ஒரே கலப்பு, ஆனால் வேறு வேறு காளைகளின் விந்தைச் சினை ஊசியாகப் போட்டுப் பிறந்தவை. ஆராய்ச்சிக்காகக் கிருமி ஏற்றிய மாடுகளில்கூட ஏறக்குறைய பாதிக்குத்தான் உடம்பெல்லாம் கட்டி வருகிறதாம். வயது, தீனி, சினை இவையெல்லாம் காரணமாக இருக்கலாம். பிறவிக் குணமும் இருக்கலாம் அல்லவா? மாட்டு ரத்தப்புற்று வைரஸில் இது தெளிவாகவே தெரிந்திருக்கிறது. டிஆர்பி3 என்ற மரபணுவின் சில வகைகளைக் கொண்ட பசுக்களின் ரத்தத்தில் அந்த வைரஸ் பெருகாமல் அடங்கிக் கிடக்கிறது. வேறு வகை உள்ள பசுக்களில் பெருகிவிடுகிறது.

ஒரு கொட்டகையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் இந்த மனு.

கறுப்பியின் தகப்பன் எந்தக் காளை என்று தேடி அலைந்தேன். உறைவிந்து அடைத்து வரும் ஸ்ட்ரா என்ற சின்னக் குழாயிலேயே காளை எண் அச்சிட்டிருக்கும். ஊசி போட்டதும் அது குப்பைக்குப் போய்விடுகிறது. இப்போது மாடுகளுக்கு 12 இலக்கக் காது வில்லை இருக்கிறது. சினை ஊசியையும் தடுப்பூசியையும் பாரத் பசுதன் என்ற மத்திய அரசின் கணினிப் பதிவில் ஏற்றுகிறார்கள். அதே எண்ணில், தோல் கழலை கண்ட மாட்டுக்கு எத்தனை நாள் காய்ச்சல், கட்டி எவ்வளவு, பிழைத்ததா, பால் திரும்பியதா என்பதையும் ஏற்றச் சொல்லுங்கள் ஐயா. சினை ஊசி போட்ட அன்றே காளை எண்ணை ஒரு அட்டையில் எழுதி எங்களிடம் கொடுக்கட்டும். நாலைந்து வருடப் பதிவு சேர்ந்தால், எந்தக் காளையின் மகள்கள் தாங்கின, எவை தாங்கவில்லை என்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொல்ல முடியும். காளையைத் தேர்ந்தெடுக்கும்போது பால் அளவோடு அதையும் பார்க்கலாம். பாலை விட்டுக்கொடுங்கள் என்று கேட்கவில்லை. பால்தான் எங்களுக்குச் சோறு. தடுப்பூசிக்கு இது மாற்றும் இல்லை, அது காலத்தில் வந்தாக வேண்டும். அப்புறம், காங்கேயம், சிந்து இனக் காளைகளின் உறைவிந்து கேட்கும் நாளில் கால்நடை கிளை நிலையத்தில் கிடைக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்.

அந்த ஆண்டு நோய் கண்டு பிழைத்த எங்கள் மாடுகளின் காது எண்களை இத்துடன் இணைத்துள்ளோம். கறுப்பி இப்போது நான்காவது ஈற்று. ரத்தமோ வால்முடியோ மாதிரி எடுக்க எந்த நாள் வந்தாலும் மாடுகளைப் பிடித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
பால் உற்பத்தியாளர்கள்