போர்டு இல்லாத ஊரில் டிரைவர் வேலை

அன்பு மாப்ள,

கடிதம் கிடைத்தது. பதில் போடத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மேட்டூரை ஜூன் 12லேயே திறந்துவிட்டார்கள், வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் அப்பா குறுவை நடவு முடியும்வரை என்னை வேறு எதையும் நினைக்க விடவில்லை. ஆள் கிடைக்காமல் கடைசியில் நடவு மெஷின்தான். திருத்துறைப்பூண்டி அத்தைக்குக் கடைமடை, இன்னும் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லையாம், தினமும் போனில் புலம்பல்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். சிப் இருக்கும் போர்டு பெங்களூர் லேபில் கிடக்கிறது, நீ கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சிப்பை லினக்ஸ் இயக்குவதற்கான டிரைவர் புரோகிராமை எழுதி, பொய் ஹார்டுவேரை வைத்து டெஸ்டும் பண்ணிவிட்டேன் என்கிறாய், இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டிருந்தாய். பாதி நியாயம்தான். மாக் என்கிற அந்தப் பொய் ஹார்டுவேர், சிப்பின் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டைப் படித்து நான் புரிந்துகொண்டது, அவ்வளவுதான், அது சிப் ஆகாது. புரிதல் தப்பென்றால் டிரைவரிலும் அதே தப்பு, மாக்கிலும் அதே தப்பு, டெஸ்ட் ஜோராகப் பாஸ் ஆகும். அதனால் சிப் ஒழுங்காக இருக்கும்போது டிரைவர் ஒழுங்காக ஓடுமா என்பதை நான் மாக்கை வைத்து முடிவு செய்வதே இல்லை, அதற்கு லேப் இருக்கிறது. சிப் மக்கர் பண்ணினால் டிரைவர் என்ன செய்யும் என்பதற்குத்தான் எனக்கு மாக் வேண்டும்.

நல்ல போர்டைச் சொன்ன நேரத்தில் மக்கர் பண்ணவைக்க முடியுமா, சொல்? வயரைப் பிடுங்கினால் எல்லாமே போய்விடும். ப்ரோப்பில், அதாவது டிரைவர் சிப்பை முதலில் தயார் செய்யும் கட்டத்தில், நாலாவது ரெஜிஸ்டரை (சிப்புக்குள் மதிப்பு வைக்கும் சின்ன இடத்தை) படிக்கும்போது மட்டும் பஸ்ஸில், அதாவது சிப்புக்குப் போகும் கம்பித் தடத்தில், பிழை வர வேண்டும் என்றால் லேபில் தலைகீழாக நின்றாலும் நடக்காது. இங்கே அது சில வரி வேலை. எங்கள் டிரைவர் ரெஜ்மேப் என்ற லினக்ஸ் இடைத்தட்டு வழியாகத்தான் சிப்போடு பேசுகிறது, ஆக ஐடூசி என்கிற நிஜ பஸ்ஸுக்குப் பதிலாக, படிக்க ஒன்று எழுத ஒன்று என்று நானே எழுதிய இரண்டு ஃபங்ஷனைக் கொடுத்துவிடுவேன், அதில் ஒரு கவுண்டர். முதல் ஓட்டத்தில் முதல் அணுகலுக்கு ஈஐஓ (படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்ற) பிழை, அடுத்த ஓட்டத்தில் இரண்டாவதற்கு, இப்படி ப்ரோப் முடியும்வரை ஒவ்வொரு படியாகத் தள்ளிக்கொண்டே போவேன். கிளாக்கை ஆன் பண்ணிவிட்டு அணைக்காமலே வெளியேறும் வழி, இன்டரப்டை (சிப் சிபியூவைக் கூப்பிடும் சமிக்ஞையை) பதிவு செய்தபடியே மெமரியை விடுவிக்கும் வழி, எல்லாம் வரிசையாக வெளியே வரும். சிப் விற்றவர்கள் கையில் கொடுத்த டிரைவரில் இரண்டுமே இருந்தன.

மாக்கை எழுதுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பலரும் ஓர் அரே வைத்து, எழுதினதை வைத்துக்கொள், கேட்டால் அதையே திருப்பிக் கொடு என்று முடித்துவிடுகிறார்கள். நம்ம தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைதான் அது. எங்கள் சிப்பின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் ஒரு பிட்டை அழிக்க அதில் 1 எழுத வேண்டும். அரேயில் 1 எழுதினால் 1 அப்படியே இருக்கும், டிரைவர் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்து டைம்அவுட் ஆகிவிடும். உடனே ஒரு புத்திசாலி வந்து டிரைவரை 0 எழுதும்படி மாற்றுவார், டெஸ்டும் பாஸ் ஆகிவிடும். நிஜ சிப்பில் 0 எழுதினால் ஒன்றுமே நடக்காது, இன்டரப்ட் லைன் இறங்காது, இன்டரப்டைக் கவனிக்கும் ஹேண்ட்லர் ஃபங்ஷன் ஓடிக்கொண்டே இருந்து சிபியூவை விழுங்கிவிடும். 'என்னுடையது இல்லை' என்று ஹேண்ட்லர் கைவிரித்திருந்தாலாவது, ஒரு லட்சம் இன்டரப்டில் 99,900க்கு மேல் அனாதையாகப் போனதைப் பார்த்து லினக்ஸின் மையமான கர்னலே 'நோபடி கேர்டு' என்று கத்திவிட்டு லைனை மூடும். இதுவோ ஒவ்வொரு தடவையும் 'பார்த்துக்கொண்டேன்' என்கிறது, யார் மூடுவது?

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை, கர்னல் கோடைச் சோதிக்கும் கேயூனிட்தான். 2020 ஜனவரியில் வந்த 5.5 கர்னலிலிருந்தே கூட இருக்கிறது, யூசர் மோட் லினக்ஸில் சாதாரண புரோகிராம் மாதிரி என் லேப்டாப்பிலேயே ஓடும், நடுவில் கரண்ட் போனாலும் கவலையில்லை. ரெஜ்மேப் இல்லாத பழைய கோடுக்கு 6.3 கர்னலில் வந்த ஸ்டாட்டிக் ஸ்டப், அதாவது டெஸ்டில் ஒரு ஃபங்ஷனுக்குப் பதில் வேறொன்றை ஓடவிடும் வசதி, உதவுகிறது, ஆனால் அதற்கு டிரைவர் ஃபங்ஷனுக்குள்ளேயே ஒரு வரி செருக வேண்டும், பேட்ச் பார்ப்பவர்கள் சிலருக்கு அது பிடிப்பதில்லை, எனக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

டிஎம்ஏவை, அதாவது சிப் சிபியூ வழியாக வராமல் நேரே மெமரியில் படித்து எழுதுவதை, இப்படிச் சோதிக்க முடியாது என்றாயே, அதில் மட்டும் மறுபேச்சு இல்லை. மெமரி பேரியரை (மெமரியில் படிப்பது, எழுதுவதன் வரிசை மாறாமல் காக்கும் கட்டளையை) ஒருவர் மறந்தால் என் எக்ஸ்86 லேப்டாப் பெரும்பாலும் மூடி மறைத்துவிடும், ஏஆர்எம் போர்டில்தான் குட்டு வெளிப்படும். கேஷ் விஷயமும் அப்படியே.

அப்புறம், 2028 மகாமகத்துக்குக் குடும்பத்தோடு வருவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு, சொந்தக்காரர்கள் எல்லாரும் இடம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், மாடி ரூமை உனக்கென்று வைத்துவிடுகிறேன். இன்னொன்று, உங்கள் டீம் முழுக் கம்ப்யூட்டரையே சாஃப்ட்வேரில் போலச் செய்யும் கியூஎம்யூவில் சிப்பையே மாடலாக எழுதி டிஎம்ஏ பக்கத்தைச் சோதிக்கிறது என்றாயே, ஆபீஸில் கேட்டுப் பார், வெளியே கொடுக்கலாம் என்றால் ரீசெட் ஆகும் பகுதியை மட்டுமாவது அனுப்பு. டிரான்ஸ்ஃபர் நடுவில் ரீசெட் வந்தால் என் டிரைவர் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
கும்பகோணத்தான்