நிதிப் பரிசோதகர் தகைமைக்கு யாழ்ப்பாணத்தில் வழி வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் உயர் தொழில்நுட்ப நிறுவகத்திலும் கணக்கியல் கற்று வெளியேறும் பிள்ளைகளிடம் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், பட்டயக் கணக்காளர் பரீட்சை, இல்லையேல் வங்கி வேலை என்ற இரண்டு பதில்களே பெரும்பாலும் வருகின்றன. வங்கிகளையும் நிதிக் கம்பனிகளையும் உள்ளே சென்று சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட நிதிப் பரிசோதகர் துறையைப் பற்றி அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

நிதிக்கூற்றுகள் உண்மையும் நியாயமுமான நிலையைக் காட்டுகின்றனவா என்று கருத்துரைப்பது கணக்காய்வாளரின் பணி. நிதிப் பரிசோதகரோ, மூலதனம் போதுமா, கொடுத்த கடன் திரும்புமா, நிர்வாகம் சீரானதா, வைப்பாளர்கள் திரண்டு வந்து கேட்டால் கொடுக்கக் காசு உண்டா என்று பார்ப்பவர். கடன் கோவை ஒன்றை அவர் வாசிக்கும் விதமே வேறு. பழைய கடன் தீர்ந்த அதே திகதியில் அதே ஆளுக்குப் புதிய கடன் எழுதப்பட்டிருந்தால், பேரேட்டில் நிலுவை இல்லை என்பதோடு நின்றுவிடாமல், பழையதை அடைக்கவே புதியது கொடுக்கப்பட்டதா என்று அவர் தேடுவார். பிணை நின்றவர்களின் கையொப்பங்களை முந்திய கோவைகளோடு ஒப்பிடுவார், அடகு நகையென்றால் முத்திரையிட்ட உறையைப் பிரித்து நிறுத்துப் பார்க்கச் சொல்வார்.

இத்தகைய பரிசோதனையின் அருமையை நம் நாடு பெருவிலை கொடுத்தே அறிந்தது. 2020 மே மாதத்தில் த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது, வைப்புக் காப்புறுதியின்படி ஒரு வைப்பாளருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை ஆறு இலட்சம் ரூபாய். வாழ்நாள் சேமிப்பை அங்கே வைத்திருந்த முதியவர்களுக்கு அது எம்மாத்திரம்? நம் கிராமங்களின் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களுக்கோ அந்தக் காப்புறுதிகூட இல்லை. அவை மத்திய வங்கியின் மேற்பார்வையிலன்றி, கூட்டுறவுத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. ஆகவே, தேர்ந்த பரிசோதகர்கள் கொழும்பைவிட இங்கேதான் அதிகம் தேவைப்படுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

தகைமை பெறும் வழி எட்டாததன்று. அமெரிக்காவின் நிதிப் பரிசோதகர் சங்கம் முதன்மையாகக் காப்புறுதி நிறுவனங்களைச் சோதிப்போருக்கு இரண்டு படிகளில் சான்றிதழ் வழங்குகிறது. 1988 இல் தொடங்கப்பட்ட சான்றுபெற்ற மோசடிப் பரிசோதகர் சங்கத்தின் பரீட்சைக்கு நம்மவர்கள் இங்கிருந்தே ஆயத்தமாகலாம். ஆனால் பரீட்சையில் தேறினால் மட்டும் சான்றிதழ் கைக்கு வராது, துறைசார்ந்த இரண்டாண்டு அனுபவமும் வேண்டும். நம் பிள்ளைகள் தடுக்கி நிற்பது இந்த அனுபவத்திலும், ஆங்கில மூலப் பாடத்திலும், டொலரில் கட்டவேண்டிய கட்டணத்திலுந்தான்.

இவற்றுள் முதலிரண்டையும் இங்கேயே தீர்க்கலாம். பல்கலைக்கழக முகாமைத்துவ பீடம் மாலை நேர ஆயத்த வகுப்பொன்றை நடத்தி, பாடத்தைத் தமிழில் விளக்கிப் பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதப் பழக்கலாம். வடமாகாணக் கூட்டுறவுத் திணைக்களம் அம்மாணவர்களைத் தன் பரிசோதகர்களுடன் சங்கங்களுக்கு அனுப்பி, அந்தச் சேவைக் காலத்தை எழுத்தில் உறுதிப்படுத்திக் கொடுக்கலாம். கட்டணத்துக்குத் தவணைக் கடன் வழங்க இங்குள்ள வங்கிகள் முன்வர வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் பீடமும் திணைக்களமும் இதுபற்றிக் கூடிப் பேச வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்கியல் ஆசிரியர்,
கொக்குவில்.