வேடம் மாற்ற ஓர் அறை

ஆசிரியருக்கு வணக்கம்.

தாய்லாந்து மேடைகளில் ஆடும் திருநங்கைகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த ஊர் அவர்களுக்குச் சொர்க்கம் என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். நான் தோவாளைக்காரன், நையாண்டி மேளத்தில் 31 வருடமாகத் தவில் அடிக்கிறேன். மகன் பாங்காக்கில் ஓட்டல் சமையல் வேலையில் இருப்பதால், போன மாசியில் போய் பட்டாயா ஆட்டத்தை நேரிலேயே பார்த்தேன்.

அங்கே டிபானி ஷோ 1974-இலிருந்து நடக்கிறது. பாட்டுக்கு வாயசைக்கத்தான் செய்கிறார்கள், பாடுவதில்லை. தவில்காரனுக்கு அதில் ஏமாற்றம்தான். ஆனால் அந்த அலங்காரமும், பாட்டுக்குப் பாட்டு உடை மாறுகிற வேகமும்! மேடைக்குப் பின்னால் ஒழுங்கான அறைகள் இல்லாமல் அது நடக்காது. ஆட்டம் முடிந்ததும் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். சேர்ந்து படம் எடுத்தால் காசு கொடுக்க வேண்டும். ஒரு ஆள் காசைக் கொடுத்துவிட்டு இடுப்பில் கை போட்டு இழுத்ததையும் பார்த்தேன். நம்மூர் கோயில் கொடை விழாவில் கரகக்காரிக்கு ரூபாய் குத்துகிற அதே கை.

மறுநாள் மகனோடு வேலை பார்க்கும் கத்தோய் ஒருவர் எங்களோடு சாப்பிட வந்தார். அங்கே திருநங்கைகளை அப்படித்தான் சொல்கிறார்கள், சிலர் வாயில் அது கேலியாகவும் வருமாம். 21 வயதில் ஆண்கள் பட்டாளத்துச் சீட்டு எடுக்கும் இடத்துக்கு அவரும் போக வேண்டியிருந்தது. கறுப்புச் சீட்டு வந்தால் வீடு, சிவப்பு வந்தால் பட்டாளம். நீள முடியும் கவுனுமாகப் பையன்கள் நடுவில் உட்கார்ந்திருந்து, மருத்துவச் சான்றிதழைக் காட்டித் தப்பியிருக்கிறார். ஆணோ பெண்ணோ யாரும் யாரையும் மணக்கலாம் என்ற சட்டம் 2025 ஜனவரி 23 முதல் அங்கே நடப்பில் இருக்கிறது. ஆனால் அவருடைய அடையாள அட்டையில் இன்றும் ஆண்தான். மாற்றச் சட்டத்தில் வழியில்லை.

நம் தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்ததையும், தன் பாலினம் எது என்று அவரவரே சொல்லிக்கொள்ளலாம் என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதையும் மகனை விட்டுச் சொல்லச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஊர் வந்து சேரும் வரை.

பங்குனியில் ஒரு அம்மன் கோயில் கொடை. எந்த ஊர் என்பது வேண்டாம். எங்கள் செட்டில் கரகம் ஆடுகிற பிள்ளை திருநங்கை. வாரிய அட்டை இருக்கிறது, ஆதாரும் மாற்றியாகிவிட்டது. எங்களுக்கெல்லாம் பள்ளிக்கூட அறையைத் திறந்துவிட்டார்கள். அவளை மட்டும், "வேன்லயே மாத்திக்கட்டும்" என்றார் கமிட்டிக்காரர். "விடுங்க அண்ணாச்சி, எனக்கு இது புதுசா" என்று சொல்லிவிட்டு, வேன் சன்னலில் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டாள். எட்டிப் பார்க்க வந்த விடலைகளை விரட்டிக்கொண்டு நான் வெளியே நின்றேன்.

இத்தனைக்கும் அதே ஊரில் சுடலைமாடனுக்குக் கணியான் கூத்து உண்டு. மகுடம் என்ற பறை முழங்க, பெண் வேடம் கட்டி ஆடும் ஆணுக்கு ஊரே விலகி வழிவிடும். விடிந்தால் அந்த வேடம் கலைந்துவிடும் என்பதாலோ என்னவோ.

ஆடிக் கொடைக்கு இப்போதே செட் பேச வருகிறார்கள். தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை, ஒரு வாளித் தண்ணீர், ஒரு கண்ணாடி. இதைக் கமிட்டியார் சம்மதித்த பிறகுதான் இனி நாங்கள் அச்சாரம் வாங்குவோம். மற்ற செட்டுக்காரர்களும் கேட்டால் நல்லது.

இப்படிக்கு,
தவில்காரர் ஒருவர்,
தோவாளை, கன்னியாகுமரி மாவட்டம்