மாப்ள, கிணற்றுச் சூட்டில் கரண்ட் எடுக்கலாமா?

மாப்ள,

இங்கே எல்லோரும் சௌக்கியம். தங்கச்சிக்கு முழங்கால் வலி பரவாயில்லையா? குறுவை முக்கால்வாசி அறுத்தாகிவிட்டது, மிச்சம் மழையில் சாய்ந்து கிடக்கிறது, மெஷின் இறங்க வழியில்லை.

நரிமணம், கமலாபுரம் பக்கம் ஓய்ந்துபோன எண்ணெய்க் கிணறுகளின் அடிச்சூட்டை வைத்து ஊருக்கு ஊர் ஒரு சின்ன பவர் ஹவுஸ் போட முடியாதா என்று கேட்டிருந்தாயே, ரிட்டயர் ஆகியும் உனக்கு ஈபி புத்தி போகவில்லை! முடியாது என்று சட்டென்று சொல்ல மனசு வரவில்லை, கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

பொதுவாகப் பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25, 30 டிகிரி சூடு ஏறும். அப்படியென்றால், மேலே இருக்கிற 30 டிகிரியையும் சேர்த்து, மூன்று கிலோமீட்டர் ஆழக் கிணற்றின் அடியில் 105லிருந்து 120 டிகிரி வரை இருக்கலாம். இது போதும். அலாஸ்காவில் சேனா என்ற இடத்தில் 2006ல் வெறும் 74 டிகிரி நீரை வைத்தே 200 கிலோவாட் மெஷின் ஓட்டிவிட்டார்கள். வெந்நீர் டர்பைனைத் தொடுவதே இல்லை. குறைந்த சூட்டில் கொதிக்கிற வேறொரு திரவத்தை அது சூடாக்கும், அந்த ஆவிதான் டர்பைனைச் சுற்றும், அப்புறம் குளிர்ந்து திரும்பத் திரவமாகும். சில ஆலைகளில் ஐசோபென்டேன் போடுகிறார்கள், அது 28 டிகிரியிலேயே கொதிக்கும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் வாளியில் வைத்தால் திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமல் போய்விடும்.

சிக்கலும் அங்கேதான். குளிரவைக்க சேனாவில் ஐஸ் மாதிரி தண்ணீர் கிடைக்கிறது, நமக்கு வாய்க்கால் தண்ணீரே 30 டிகிரி. நம்மைப் போன்ற வெக்கை ஊருக்கு உதாரணம் தாய்லாந்தின் ஃபாங். 1989லிருந்து ஓடுகிற 300 கிலோவாட் ஆலை, வெயில் காலத்தில் உற்பத்தி இறங்கிவிடுகிறது. ஆனாலும் ஓடுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீரின் அளவு. 200 கிலோவாட் வேண்டுமென்றால் விநாடிக்கு 30 லிட்டர் போல வெந்நீர் வரவேண்டும். அந்தக் கரண்டில் ஐந்து ஹெச்பி மோட்டார் ஐம்பது ஓடும், அதை நினைத்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணெய்க் கிணற்றுக் குழாய் ஒல்லி, உள்ளே அழுத்தமும் வடிந்துபோயிருக்கும், பம்ப் போட்டு இழுத்தால் எடுத்த கரண்டில் பாதி அதற்கே போய்விடும். பெரிய துளை போடலாம் என்றால், அது வேண்டாம், 2020ல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் புது எண்ணெய், எரிவாயுத் துளைகளைத்தான் தடுக்கிறது என்று நீ வாதாடுவாய், ஆனால் ரிக் வண்டி ஊருக்குள் வந்தாலே ஜனம் ரோட்டில் உட்கார்ந்துவிடும். உட்காரத்தான் வேண்டும். மேலே வருகிற உப்புத் தண்ணீரை அப்படியே திரும்ப உள்ளே இறக்கவேண்டும், ஒரு சொட்டு வாய்க்காலில் விட்டாலும் வயல் போச்சு. லடாக்கில் பூகா பள்ளத்தாக்கில் இதே பூமிச் சூட்டுக்காகத் துளை போட்டபோது உள்ளிருந்து வந்த நீர் ஓடையில் கலந்துவிட்டது என்று 2022ல் வேலை நின்றதே.

அதனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது, சிரிக்காதே. கரண்டை விடு, நெல்லைக் காயவைப்போம். ஃபாங்கிலேயே டர்பைனுக்குப் போய் வந்த வெந்நீரை விளைபொருள் உலர்த்த எடுத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: விநாடிக்கு மூன்றே லிட்டர் வெந்நீர், அதிலிருந்து 30 டிகிரி சூட்டை எடுத்தால், கரண்டாக 30 கிலோவாட் தேறினாலே அதிகம். அதே சூட்டை நேராகக் காற்றில் ஏற்றி நெல்லுக்குள் விட்டால் மணிக்கு நாலு டன் போல உலர்த்தலாம். டன்னுக்கு 60 கிலோ தண்ணீர்தான் போகவேண்டும், 22 சதவீத ஈரப்பதம் 17க்கு இறங்கிவிடும். காற்றும் 45 டிகிரிக்கு மேல் தேவையில்லை, அதிகமானால் அரைக்கும்போது குருணைதான் மிஞ்சும்.

ஐப்பசி மழையில் கொள்முதல் நிலைய வாசலில் நம் ஆட்கள் நிற்பதை நீ பார்த்திருக்கிறாய். நேற்றுகூட எங்கள் தெருக்காரர் ஒருவர் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் காட்டினார், வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. ஈரப்பதம் பார்க்கிற மிஷினில் 21 என்று காட்ட, தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடிவிட்டார். பத்து ஊருக்கு ஓர் உலர்த்தும் களம் இருந்தால் இந்த நிலைமையே வராது. கரண்ட்தான் சோலாரில் வருகிறதே, மழை நாளில் சூடு யார் தருவார்கள்?

காரைக்கால் பக்கம் கிணற்று வேலையில் இருந்த சிநேகிதர் ஒருவர் உனக்கு உண்டு என்றாயே, மூடிவிட்ட கிணறுகளில் அடி வெப்பம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு உப்பு என்று அவரிடம் விசாரி. எத்தனை கிணற்றை சிமெண்ட் போட்டு அடைத்தார்கள் என்பதையும் கேள், அடைத்திருந்தால் நம் பேச்சே வீண்.

அப்புறம், சின்னவளுக்கு தை மாசம் கல்யாணம், மன்னார்குடியில். பத்திரிகை வரும். இரண்டு நாள் முன்னாலேயே வந்து சேர், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு.