அந்த அமைதியை நம்பாதே

திருவையாறு

அன்புள்ள கல்யாணி,

நேற்றிரவு போனில் பதற்றத்தில் பாதிகூடச் சொல்லவில்லை. இன்று அப்பாவை டாக்டரிடம் அழைத்துப்போவதாகச் சொன்னாயே, கிளம்புமுன் இதைப் படித்துவிடு.

"நாலு நாளாக அப்பா சண்டை போடவில்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறார், வீடே நிம்மதியாக இருக்கிறது" என்றாய். அந்த நிம்மதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டு வருடமாகப் பேரன் பெயர் மறந்தாலும், ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரையைச் சுற்றிவிட்டுத் தானே வீடு வந்து சேர்ந்தவர் அவர். டிமென்ஷியா என்கிற மறதி நோய் பொதுவாக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல அரிக்கும். நாலே நாளில் ஆள் இப்படிச் சாய்ந்தால், அதன்மேல் வேறொன்று வந்து ஏறியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டெலிரியம் என்கிறார்கள். திடீரென்று வரும் சித்தக் குழப்பம்.

அம்மாவுக்கு மாசியில் வந்தது அதுதான். 81 வயதிலும் பால் கணக்கை மனத்திலேயே வைத்திருப்பவள். வெள்ளிக்கிழமை நன்றாக இருந்தாள். ஞாயிறு சாயங்காலம் போர்வை ஓரத்தைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள். குளிர்கிறது போலும் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால், நாற்றுப் பறிக்கிறாள்! பறித்து, வேர்ச் சேற்றைக் காலில் தட்டி, நாற்றுமுடியாகக் கட்டிப் பக்கத்தில் வைக்கிறாள். வழக்கம்போல் ஜனவரி 28-ல் மேட்டூரை மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவளோ, "கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?" என்கிறாள். என்னைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பெண்?" என்றாள். காலையில் தெளிந்தாள். இருட்டியதும் மறுபடி நாற்றங்கால்.

வந்தவர்களெல்லாம் வயதாகிவிட்டது என்றார்கள். பெரியத்தை வேப்பிலை அடிக்கச் சொன்னார். முதலில் சேர்த்த இடத்தில் கைகளைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். கட்டக் கட்ட அம்மா மிரண்டாள். நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது.

பிறகு தஞ்சாவூரில் பார்த்த டாக்டர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். சனியிலிருந்து கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். "சனி, வெள்ளி" என்றவள் ஜன்னலைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். கவனம் ஓரிடத்தில் நிற்காததுதான் இதன் முக்கிய அடையாளமாம். சிறுநீரில் தொற்று இருந்தது. காய்ச்சலே இல்லை, வயதானவர்களுக்குப் பல நேரம் காய்ச்சல் காட்டாது. இரவில் எழுந்து போவது சிரமம் என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருக்கிறாள். போதாததற்கு நான் கடையில் வாங்கிக் கொடுத்த சளி மாத்திரை. அதில் இருந்த குளோர்பெனிரமைன் வயதானவர்களின் மூளையைக் குழப்பக்கூடியதாம். என் கையாலேயே கொடுத்தேன், கல்யாணி.

தொற்றுக்கு மருந்து கொடுத்தார்கள், சளி மாத்திரையை நிறுத்தினார்கள். நாங்கள் கண்ணாடியை மாட்டிவிட்டு, பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து, யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருந்து பேசிக்கொண்டிருந்தோம். முழுதும் தெளிய மூன்று வாரம் ஆயிற்று.

அம்மாவுக்கு ஆர்ப்பாட்டமாக வந்தது. சிலருக்குச் சத்தமே இல்லாமல், வெறும் தூக்கமாகவும் சோர்வாகவும் வரும், அதைத்தான் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்றார் டாக்டர். மறதி நோய் உள்ளவர்களை இது எளிதில் பிடிக்குமாம். அதனால் "அவருக்கு ஏற்கெனவே மறதி" என்று பேச்சைத் தொடங்காதே. "போன வாரம்வரை தானே நடந்து வீடு வந்தவர்" என்று தொடங்கு. மறதியைப் பிறகு சொல். சிறுநீர் சரியாகப் போகிறதா, எத்தனை நாளாக மலச்சிக்கல், இதையெல்லாம் கூச்சப்படாமல் சொல். வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் பையில் போட்டுக்கொள், கைவைத்திய மருந்து உட்பட. கண்ணாடியும் காதுக் கருவியும் அவரோடேயே இருக்கட்டும்.

அம்மா கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். "கல்யாணி அப்பா காலையில் ஏதாவது சாப்பிட்டாரா, கேள்" என்கிறாள். டாக்டர் என்ன சொன்னாலும் உடனே கூப்பிடு, போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
செல்வி