பாட்டிலை ஊற்று, மீனுக்குப் பொறு

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். ஜமீன்தார் இன்னும் பழைய பாக்கியைத் தரவில்லை, நானும் விடுவதாக இல்லை. இத்தனை மாதம் கழித்து ஒன்றரைப் பக்கம் எழுதி, அதில் பாதியை மழைக்கு ஒதுக்கியிருக்கிறாயே, அதற்கான சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது அவசரமாக எழுதுவது உன் கடைசி வரிக்காக. பாப்பாவுக்கு மீன்தொட்டி வாங்கியாச்சு, தொட்டித் தண்ணீரை மீனுக்குத் தயார்செய்யும் பாக்டீரியா பாட்டிலும் வாங்கியாச்சு, ஞாயிற்றுக்கிழமை அதை ஊற்றிவிட்டு அன்றைக்கே மீனையும் விடப்போகிறேன் என்கிறாய்.

மச்சான், மீனை மட்டும் அன்றைக்கு வாங்காதே.

பாட்டிலைக் குறை சொல்லவில்லை. நல்ல பாட்டில் உண்மையாகவே வேலை செய்யும், என் புதுத் தொட்டியே அப்படித்தான் தயாரானது. ஆனால் அதில் இருப்பது மருந்து இல்லை, உயிர். மீன் செவுள் வழியாக அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அவ்வளவு மோசமில்லை, தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். சிக்கல் என்னவென்றால் இந்த பாக்டீரியாக்கள் பெருகுவது ரொம்ப மெதுவாக. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். இவற்றுக்குப் பல மணி நேரம் வேண்டும், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதனால்தான் ஒன்றும் ஊற்றாமல் விட்டால் தொட்டி தயாராக 4 முதல் 6 வாரம் ஆகிறது. பாட்டில் அந்தக் காலத்தைச் சுருக்கும், ஒரேயடியாக இல்லாமல் ஆக்கிவிடாது.

எந்த பாக்டீரியா என்பதிலும் பெரிய கதை இருக்கிறது, உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற விஞ்ஞானி இவற்றைப் பிரித்தெடுத்ததிலிருந்து, நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்ற வகை என்றுதான் பாடப்புத்தகம் சொல்லி வந்தது. 1998ல் ஹோவனெக் என்ற ஆய்வாளரின் குழுவினர் நன்னீர்த் தொட்டிகளில் தேடிப் பார்த்தால், அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது நைட்ரோஸ்பைரா என்ற வேறொரு வகை! அப்புறம் 2015ல் இன்னொரு அதிசயம். அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரைக்கும் முழு வேலையையும் தனியாகவே செய்யும் நைட்ரோஸ்பைராவை இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. ஒரு குழுவுக்கு அது கிடைத்தது மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டரில். இன்னொரு குழுவுக்கு, 1200 மீட்டர் ஆழ எண்ணெய்க் கிணற்றிலிருந்து சுடுநீர் வரும் குழாயில் படிந்திருந்த வழுவழுப்பில். நூறு வருஷத்துக்கு மேல் இரண்டு பேர் வேலை என்று நினைத்ததை ஒருத்தனே செய்கிறான்! படித்த அன்று தூக்கமே வரவில்லை.

இதில் உனக்கு வேண்டிய விஷயம் இதுதான்: லேபிளைப் படி. பாஸில்லஸ் என்ற பாக்டீரியா பெயர் மட்டும் போட்டிருந்தால், அது விதைத்துகளாக உறங்கிக் கிடந்து வருஷக்கணக்கில் தாங்கும், கழிவை மட்கவைக்கும். நம் தொட்டிக்கு வேண்டிய நைட்ரைட் வேலைக்கு அதை நம்ப முடியாது. அமோனியாவைத் தின்னும் நைட்ரோஸோமோனாஸ், நைட்ரைட்டைத் தின்னும் நைட்ரோஸ்பைரா போன்றவை அப்படி உறங்குவதில்லை. உறைந்தால் சாகும், வெயிலில் கிடந்தாலும் சாகும். ஆகவே காலாவதித் தேதியைப் பார், கடையில் எங்கே வைத்திருந்தார்கள் என்று கேள். ஊற்றும் முன் நன்றாகக் குலுக்கு. குழாய்த் தண்ணீரின் குளோரினை முதலில் நீக்கிவிடு, இல்லாவிட்டால் அதுவே இவற்றைக் கொன்றுவிடும். கிருமி கொல்லும் யூவி விளக்கு இருந்தால் அணைத்து வை. ஃபில்டரும் ஏர் பம்ப்பும் இரவு பகல் ஓடட்டும். இவை தண்ணீரில் மிதந்து வாழ்பவை இல்லை, ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. ஆக்ஸிஜனையும் நிறைய குடிக்கும்.

அடுத்தது தீனி. மீன் இல்லாத தொட்டியில் இவை பட்டினி கிடக்கும். அமோனியம் குளோரைடு வாங்கி லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா வரும்படி போடு, அதற்கு மேல் வேண்டாம். பிறகு தினமும் டெஸ்ட் கிட்டில் தண்ணீரைச் சோதி. அமோனியா சோதனைக் குழாயின் நிறம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கும்போது உனக்குக் கை துறுதுறுக்கும், தயாராகிவிட்டது என்று தோன்றும். அங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். அதே நாளில் நைட்ரைட் சோதனைக் குழாயைப் பார்: வெளிர்நீலமாக இருந்தது துளி விழுந்து ஐந்து நிமிடத்தில் அடர் ஊதாவாக நிற்கும். முதல் கூட்டம் வளர்ந்துவிட்டது, இரண்டாவது இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

ஒல்லியின் வீட்டில் அதைத்தான் பார்த்தேன். பாட்டிலை ஊற்றிய அன்றே மீன் விட்டிருந்தார்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவு. மீன்கள் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, செவுள் படபடவென்று அடித்தது. நைட்ரைட் ரத்தத்தில் கலந்தால் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைத் தூக்க முடியாமல் போகும், ரத்தமே பழுப்பாகிவிடும். தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறும். பாதித் தண்ணீரை மாற்றி, கொஞ்சம் உப்புப் போட்டோம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கும். சில பிழைத்தன. அவன் பையன் கடைசி வரை தொட்டியை விட்டு நகரவில்லை. உன் பாப்பா ஏற்கெனவே மீன்களுக்குப் பெயர் வைத்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறாயே, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா போட்டால் 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் ஆக வேண்டும். அதுவரைக்கும் கடைக்காரர் சொன்னாலும் சரி, பாட்டில் சொன்னாலும் சரி, கேட்காதே. ஆனதும் பெரும்பகுதித் தண்ணீரை மாற்றிவிட்டு இரண்டு மூன்று மீன் விடு, மீதி அப்புறம். யாராவது ஆரோக்கியமான பழைய தொட்டி வைத்திருந்தால் அவர்களிடம் ஒரு துண்டு ஃபில்டர் ஸ்பாஞ்ச் கேள். எந்த பாட்டிலையும்விட அதைத்தான் நான் நம்புவேன். ஈரம் காயாமல் கொண்டுவா.

உன் தண்ணீரின் பிஹெச் (அமில-கார அளவு), கார்பனேட் கடினத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மை) இரண்டையும் அளந்து உடனே எழுது. இவை வேலை செய்யும்போது காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். அது தீர்ந்து பிஹெச் 6க்குக் கீழே இறங்கினால் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். அளவைப் பார்த்துவிட்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். இந்தத் தடவை மழையைப் பற்றி ஒரு வரி போதும்.

உன்,
கணக்குப்பிள்ளை